சத்தம் விழுகிறது, பேச்சு விளங்கவில்லை

(காலடிப்பேட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஆலை வேலையில் செவித்திறனை இழந்த தம் தந்தையின் நினைவாக இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய குடும்பத்தார் என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். காதைப் பற்றிப் பேச வேண்டும், இந்தத் தெருவில் இருப்பவர்களுக்குப் புரியும்படி பேச வேண்டும். நான் காதில் தொடங்கி மூளைக்குப் போகப்போகிறேன். அவர்களுடைய தந்தை எதை இழந்தார் என்ற கேள்விக்கு விடை பாதி அங்கேயும் பாதி இங்கேயுமாக இருக்கிறது.

செவித்திறனைச் சோதிப்பது என் தொழில். திருவொற்றியூர், எண்ணூர், தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து வருகிற, ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் பலரும் ஏறத்தாழ ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "சத்தம்லாம் காதுல வுழுது மேடம், பேச்சுதான் இன்னான்னு வெளங்கல." பக்கத்தில் நிற்கும் மனைவி அதோடு விடமாட்டார். "கூப்டா திரும்பிப் பாக்குறாரு. சொன்னது மட்டும் ஏறவே மாட்டேங்குது. வேணும்னே பண்றாரோன்னு தோணுது."

அவரைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, 'பீப்' என்ற ஒலி கேட்டதும் பட்டனை அழுத்தச் சொல்கிறோம். 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியாக, கேட்கும் அளவிலிருந்து கேட்காத அளவு வரை குறைத்துக்கொண்டே போவோம். கிடைக்கிற கோட்டுப்படம்தான் ஆடியோகிராம். பல பேருக்கு அந்தக் கோடு தொடக்கத்தில் ஒழுங்காகவே போகும். 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறும். இரைச்சலில் உழைத்த காதின் அடையாளம் அந்தப் பள்ளம். தாளைப் பார்த்துவிட்டு "பெரிசா ஒண்ணும் இல்ல, வயசாகுதில்ல" என்று அனுப்பிவிட முடியும். அனுப்பியும் விடுகிறார்கள். ஆனால் அந்த மனிதர் சொன்ன வாக்கியத்துக்கு அந்தத் தாளில் பதில் இல்லை. தன் உடம்பில் நடப்பதை அவர் பிசகில்லாமல் சொல்லியிருக்கிறார். நான் இன்று பேசப்போவது முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்கு எழுதுகிற உரைதான்.

முதலில் அந்த 'பீப்' என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது ஒற்றைச் சுருதி, ஒரே அலைவெண்ணில் அதிரும் காற்று. உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் எலும்புக்குழலை விரித்தால் சுமார் 35 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அதன் உள்ளே ஓடும் சவ்வில், வாசல் பக்கம் கீச்சு ஒலிகளுக்கும் கடைக்கோடி கனத்த ஒலிகளுக்கும் அதிர்கிறது. ஆர்மோனியக் கட்டைகளை வரிசையாக அடுக்கியதுபோல ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சுருதி. சவ்வின் மேல் அலை எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டு சொன்ன கேயோர்க் பேக்கேஷி, அதற்காக 1961ல் நோபல் பரிசு பெற்றார். அவர் புடாபெஸ்டில் தொலைபேசித் துறையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. பேச்சைக் கம்பி வழியே அனுப்ப வேண்டிய கவலையிலிருந்து பிறந்த அறிவு அது. இந்த வரிசை நரம்பு வழியே கலையாமல் மேலே ஏறி, மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் மறைந்திருக்கும் கேட்புப் புறணி வரை போகிறது. அங்கேயும் சுருதிக்கு ஒரு கீற்று என்று இடம் பிரிந்திருக்கிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலித்தால் 1000 ஹெர்ட்ஸுக்கு உரிய இடம் விழித்துக்கொள்ளும். ஒற்றைச் சுருதியின் கதை இவ்வளவுதான் என்றே சொல்லிவிடலாம்.

பேச்சு இப்படி அடங்காது. கத்து, கட்டு, கக்கு என்ற மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம். மூன்றும் ககரத்தில் தொடங்கி உகரத்தில் முடிகின்றன. நடுவில் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. நாக்கு ஓரிடத்தில் காற்றை அடைத்துக்கொள்கிறது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாக வாயிலிருந்து எந்த ஒலியும் வருவதில்லை. பதிவுசெய்து திரையில் பார்த்தால் மூன்று சொல்லிலும் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும். வேறுபாடு அந்த வெறுமையின் இரண்டு விளிம்புகளில் இருக்கிறது. அடைப்பை நோக்கி நாக்கு நகரும்போது முந்தைய உயிரொலியின் வால் வளைகிறது. அடைப்பு விடுபடும்போது ஒரு சின்ன வெடிப்பு, அதைத் தொடர்ந்து அடுத்த உயிரின் தலையில் ஒரு வளைவு. நாக்கு மேலே மடங்கும் 'ட்'டுக்கு முன்னால் வாய்க்குழியின் மூன்றாவது ஒத்ததிர்வு, அதாவது வாயின் வடிவத்தால் வலுப்பெறும் அலைவெண்களில் மூன்றாவது, கீழே இறங்கும். பல்லைத் தொடும் 'த்'துக்கு முன்னால் அப்படி இறங்காது. நொடியில் நூறில் சில பங்கு நேரம் நடக்கும் இந்த வளைவை வைத்துக்கொண்டுதான் கயிற்றைக் கட்டச் சொன்னார்களா, சத்தம் போட்டுக் கத்தச் சொன்னார்களா என்று மூளை முடிவு செய்கிறது.

டகரம் தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வராது என்று தொல்காப்பியம் விதித்திருப்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதற்கு ஒலியியலார் இன்று ஒரு காரணம் சொல்கிறார்கள். நாக்கு மடங்கிப் பிறக்கும் நாமடி ஒலிகளின் தடயம் பெரும்பாலும் முந்தைய உயிரின் வாலில்தான் கிடக்கிறது. சொல்லின் முதலில் அந்த வால் இல்லை, எனவே அங்கே டகரத்தைத் தகரத்திலிருந்து பிரித்துக் கேட்பது கடினம். எழுத்துகளின் பிறப்பிடத்தை நெஞ்சு, மிடறு, நாக்கு, பல், அண்ணம் என்று பிரித்து எழுதிய அந்தப் பழைய ஆசிரியர், மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்று அளவும் வைத்தார். அந்த அரை மாத்திரைக்குள்தான் சொல்லின் அடையாளம் ஒளிந்திருக்கிறது. ஆலைத் தொழிலாளி இழப்பதும் அதைத்தான். உயிரொலிகள் கனத்தவை, உரத்தவை, 4000 ஹெர்ட்ஸுக்கு வெகு கீழே பெரும் வலிமையோடு இருப்பவை. அவை தப்பித்துவிடும். மெய்யொலிகளின் மெல்லிய வெடிப்பும் உரசலும் வளைவின் மேல்பகுதியும் அழிந்துபோகும். அதனால்தான் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார், சொன்னது ஏறவில்லை.

வீட்டில் இன்னும் உரக்கக் கத்துகிறோம். கத்தும்போது உயிரொலிதான் பெருகும். மெய் அந்த அளவுக்குப் பெருகாது. வாயை அகலத் திறந்து அலறுகிறவர் மெய்யொலிகளைச் சிதைத்தும் விடுகிறார். பதிலுக்குக் கேட்பவர் "ஏன் கத்துற?" என்று கோபிப்பார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை.

ஒற்றைச் சுருதியையும் பேச்சொலியையும் மூளை எவ்வளவு வேறாக நடத்துகிறது என்பதற்கு இன்னொரு சான்று சொல்கிறேன். 1000 ஹெர்ட்ஸ் அருகே சில ஹெர்ட்ஸ் கூட்டிக் குறைத்தாலே, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் நல்ல காது "வேற வேற" என்று கண்டுபிடித்துவிடும். ஆனால் தனித்தனியாகக் கேட்கவைத்து 'இது எத்தனையாவது ஒலி' என்று கேட்டால், இசைப் பயிற்சி இல்லாதவர்கள் ஐந்தாறு சுருதிகளுக்கு மேல் பெயர் சொல்லத் தடுமாறுவார்கள். வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதில் வல்லமை, பெயரிடுவதில் வறுமை. பேச்சில் இது தலைகீழ். 1957ல் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் ஆல்வின் லிபர்மனும் கூட்டாளிகளும் 'ப'விலிருந்து 'ட'வுக்கும், அங்கிருந்து 'க'வுக்கும் ஆங்கில ஒலிகளைச் சிறுசிறு படிகளாக மாற்றிச் செயற்கையாகச் செய்து கேட்கவைத்தார்கள். கேட்டவர்களுக்குப் படிகள் தெரியவில்லை. ஓரிடம் வரை ஒரே ஒலி, அடுத்த படியில் சட்டென்று வேறு ஒலி. நடுவில் இருந்த நுண்ணிய வேறுபாடுகளை மூளை தூக்கி எறிந்துவிட்டது. பேச்சுக்கு அது தேவை. ஒரே சொல்லைக் குழந்தையும் கிழவரும் சளிபிடித்தவரும் சொல்லும்போது ஒலி அலை ஒவ்வொரு முறையும் வேறு. எழுத்து மட்டும் மாறக்கூடாது.

வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். சாதாரணப் பேச்சில் நொடிக்குப் பத்து முதல் பதினைந்து ஒலிகள் வருகின்றன. 1969ல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சீழ்க்கை, இரைச்சல், ரீங்காரம் போன்ற நான்கு ஒலிகளை ஒவ்வொன்றும் 0.2 நொடி வீதம் சுழற்றிச் சுழற்றி ஒலிக்கவிட்டார். எது முதலில், எது பின்னால் என்று கேட்டவர்களால் சொல்ல முடியவில்லை. பேச்சை அதைவிட வேகமாகக் கேட்டும் 'கடல்' என்பதைக் 'கலட' என்று நாம் குழப்பிக்கொள்வதில்லை. தனித்தனி மணிகளாக எண்ணிக் கோக்காமல் அசைகளாக, ஓடும் அசைவாக மூளை அதை வாங்கிக்கொள்கிறது.

இந்த ஆராய்ச்சிகளில் தமிழ் எங்கே என்று கேட்பீர்கள். மிகத் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1964ல் அதே ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தின் லீ லிஸ்கரும் ஆர்தர் ஏப்ரம்சனும் பதினொரு மொழிகளின் வல்லொலிகளை அளந்து வெளியிட்ட கட்டுரையில் தமிழும் ஒன்று. உதடு திறப்பதற்கும் குரல்வளை அதிரத் தொடங்குவதற்கும் இடையிலான நேரத்தை அவர்கள் அளந்தார்கள். பணம், பயம் என்று சொல்லிப் பாருங்கள். எழுதும்போது இரண்டுக்கும் ஒரே பகரம். ஆனால் நம் பேச்சில் 'பயம்' என்பதற்கு உதடு திறக்கும் முன்பே குரல்வளை அதிரத் தொடங்கிவிடுகிறது. 'பணம்' என்பதற்குத் திறந்த பிறகுதான். இடைவெளி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எழுத்து பிரித்துக் காட்டாததை இந்த ஊர்க் குழந்தை பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே பிரித்துக் கேட்கிறது.

எப்போதிலிருந்து என்றால், மிக முன்பே. 1971ல் பீட்டர் ஐமஸ் குழுவினர் ஒரு மாதக் குழந்தையும் இத்தகைய வேறுபாட்டை உணர்வதை, அது சூப்பியை உறிஞ்சும் வேகத்தை வைத்தே காட்டினார்கள். 1984ல் கனடாவின் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் செய்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. இந்தியிலுள்ள 'த', 'ட' வேறுபாட்டை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்கவைத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வேறுபாட்டைக் கண்டுகொண்டார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதமானபோது மிகச் சிலரே கண்டுகொண்டார்கள். இந்தி வீட்டுக் குழந்தைகளுக்கோ அது மங்கவில்லை. பிறக்கும்போது எந்த மொழிக்கும் திறந்திருக்கும் காது, ஒரு வயதுக்குள் தன் வீட்டு மொழிக்கென்று கூர்மையாகி, வேண்டாததை விட்டுவிடுகிறது.

அப்படி வார்க்கப்பட்ட காதுகள் உருவாக்கிய பெயரில்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரில், நெசவாளர்களுக்காக எழுந்த குடியிருப்பு இந்தக் காலடிப்பேட்டை. ஆங்கிலேயர் சொல்லும் 'ட்' ஈறில் பிறப்பது. நம் தகரமும் அல்ல, டகரமும் அல்ல. தமிழ்க்காதில் அதற்கென்று ஓர் இடம் கிடையாது, எனவே பக்கத்திலிருக்கும் டகரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். டிக்கெட்டும் டீயும் அப்படி வந்தவைதான். காலெட் காலடி ஆனதில் யாருடைய காதும் பழுதாகவில்லை.

இப்போது மூளைக்குள் போவோம். 2000ஆம் ஆண்டில் ஜெஃப்ரி பைண்டரும் குழுவினரும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்கு வெறும் இரைச்சல், ஒற்றைச் சுருதிகள், சொற்கள், பொருளற்ற போலிச்சொற்கள், பின்னோக்கி ஓடவிட்ட பேச்சு ஆகியவற்றைக் கேட்கவைத்தார்கள். சுருதிகள் கேட்புப் புறணியையும் அதைச் சுற்றிய மேல்பரப்பையும் எழுப்பின. பேச்சு அதைத் தாண்டி, பொட்டுப் பகுதியின் மேல் மடிப்பில் சற்றுக் கீழே, இடது வலது இரண்டு பக்கமும் பரவியது. போலிச்சொல்லும் பின்னோக்கிய பேச்சும்கூட அந்தப் பகுதியை எழுப்பின. ஆகவே அந்த இடம் பொருளை இன்னும் தொடவில்லை. பேச்சொலியின் சிக்கலான வடிவத்தைப் பிரித்தறியும் வேலையை அது செய்கிறது. பொருள் அதற்கும் அப்பால் உள்ள அறைகளில்.

அந்தப் பகுதியில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று நேரடியாகவே பார்க்கக் கிடைத்த வாய்ப்பு ஒன்று உண்டு. வலிப்பு நோய்க்கான அறுவைக்கு முன், வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டறியச் சிலருக்கு மூளையின் மேலேயே மின்முனைகளை வைப்பார்கள். சான் பிரான்சிஸ்கோவில் அப்படிப்பட்ட ஆறு நோயாளிகள், பல நூறு பேர் பேசிய வாக்கியங்களைக் கேட்க ஒப்புக்கொண்டார்கள். நிமா மெஸ்கரானி, எட்வர்ட் சாங் குழு 2014ல் அதை வெளியிட்டது. ஒரு மின்முனைக்குக் கீழே இருந்த இடம் வெடிப்பொலிகளுக்கு மட்டும் துள்ளியது, இன்னொன்று உரசொலிகளுக்கு, மற்றொன்று மூக்கொலிகளுக்கு. யார் குரலானாலும் சரி. வல்லினம் மெல்லினம் என்று நம் இலக்கணிகள் பிரித்த பிரிவுக்கு மிக நெருக்கமான ஒன்று மூளையின் பரப்பில் கிடக்கிறது. அந்தக் கட்டுரையை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தாய்மொழியின் தடமும் மூளையில் பதிந்திருக்கிறது. 1997ல் ஃபின்லாந்தின் ரிஸ்டோ நாட்டனென் குழு, எஸ்டோனிய மொழியில் உள்ள, ஆனால் ஃபின்னிய மொழியில் இல்லாத ஓர் உயிரொலியை இரு மொழியாருக்கும் கேட்கவைத்தது. ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்து நடுவில் வேறொன்று குறுக்கிட்டால், கவனிக்காமல் இருக்கும்போதுகூட மூளை ஒரு மின் துடிப்பைக் காட்டும். எஸ்டோனியருக்கு அந்தத் துடிப்பு, முக்கியமாக இடது பக்கத்தில், வலுவாக வந்தது. ஃபின்லாந்தியருக்கு அது மங்கியிருந்தது. ஒலி ஒன்றுதான்.

எல்லாவற்றையும்விட என்னை ஆட்டிப்படைத்த சோதனை ராபர்ட் ரெமெஸ், ஃபிலிப் ரூபின் முதலியோர் 1981ல் வெளியிட்டது. ஒரு வாக்கியத்தை எடுத்தார்கள். அதிலுள்ள குரல், மூச்சு, வெடிப்பு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, வாய்க்குழியின் மூன்று ஒத்ததிர்வுகள் ஏறி இறங்கிய பாதையை மட்டும் மூன்று ஒற்றைச் சுருதிகளால் வரைந்தார்கள். ஆக, சோதனை அறையில் நாங்கள் ஒலிக்கும் 'பீப்' வகையில் மூன்று, மேலும் கீழும் வழுக்கிக்கொண்டு போகின்றன. எதுவும் சொல்லாமல் கேட்கவைத்தபோது பலரும் பறவைச் சத்தம், இயந்திரச் சீழ்க்கை என்றார்கள். "இது ஒரு வாக்கியம், என்ன என்று எழுதுங்கள்" என்றதும் பலர் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் எழுதினார்கள். பின்னர் 2005லும் 2006லும் பாரிஸிலும் ஃபின்லாந்திலும் இத்தகைய ஒலிகளை எம்.ஆர்.ஐ.க்குள் கேட்கவைத்துப் பார்த்தபோது, அதே ஒலி பேச்சாகக் கேட்கத் தொடங்கியதும் இடது பொட்டின் பின்பகுதி கூடுதலாக இயங்கியது தெரிந்தது. காதில் விழுந்தது ஒரு துளியும் மாறவில்லை. ஆகவே 'பீப்'பைக் கேட்கும் திறனை அளந்து பேச்சைக் கேட்கும் திறனை முழுவதும் சொல்லிவிடலாம் என்று நம்புவதற்கு அடிப்படையே இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்குக் உள்காதுக்குள் மின்முனைகளை வைக்கும் காக்ளியர் இம்பிளான்ட் என்ற கருவியைப் பொருத்துகிறார்கள். சென்னையில் மோகன் காமேஸ்வரன் போன்ற மருத்துவர்கள் இதை நிலைநிறுத்தினார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை கிடைக்கிறது. இயற்கையான உள்காதில், ஒலியை உணர்ந்து நரம்புக்குத் தரும் உள் மயிரணுக்கள் சுமார் 3500 இருக்கின்றன. கருவியில் அதிகபட்சம் இருபது சொச்சம் மின்முனைகள். இவ்வளவு முரட்டுத்தனமான ஒலியிலிருந்து அந்தப் பிள்ளை தமிழ் கற்றுக்கொண்டு "அம்மா, நாளைக்கு லீவு" என்று சொல்கிறது. 1995ல் ராபர்ட் ஷானன் குழு காட்டியபடி, பேச்சை நான்கே அலைவெண் பட்டைகளாகச் சுருக்கி, இரைச்சலால் நிரப்பினாலும் மனிதர்கள் புரிந்துகொள்கிறார்கள். அதே கருவியோடு வடிவுடையம்மன் கோயில் நாதஸ்வரத்தைக் கேட்கும் பிள்ளைக்கு ராகத்தின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் பிடிபடாது. சுருதி கலங்கிப்போயும் பேச்சு கிடைத்துவிட்டது. நம் ஆலைத் தொழிலாளிக்குச் சுருதி பெரும்பாலும் இருக்கிறது, பேச்சு போய்விட்டது. இந்த இருவரையும் அடுத்தடுத்து உட்காரவைத்துப் பார்த்த பிறகு யாரும் இரண்டையும் ஒன்றாக நினைக்க மாட்டார்கள்.

அந்தப் பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். முதல் ஓராண்டில் காது தன் மொழிக்குக் கூர்மையாகிறது என்றேன். கேளாத குழந்தைக்கு அந்த ஆண்டு வெறுமையாகக் கழிகிறது. கதவை அறைந்தால் திரும்புகிறதே என்று காத்திருக்கும் பெற்றோரைப் பார்க்கிறேன். கதவின் அதிர்வு தரை வழியாகவும் எட்டும். பிறந்த சில நாட்களிலேயே செவிச்சோதனை செய்துவிட முடியும், குழந்தைக்கு வலி எதுவும் கிடையாது. ஆறு வயது என்பது திட்டத்தின் எல்லை, மூளையின் எல்லை அதைவிட வெகு முன்னால் இருக்கிறது. தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

காசிமேட்டில் விடியற்காலை ஏலம் நடக்கும்போது போய் நின்றிருக்கிறவர்களுக்கு நான் அடுத்துச் சொல்வது எளிதாகப் புரியும். படகு இன்ஜின், ஐஸ் உடைக்கிற சத்தம், பத்துப் பேர் ஒரே நேரத்தில் விலை கூவுவது. இதில் தனக்கு வேண்டிய ஒரே ஒரு குரலைப் பிடித்து, எட்டா பத்தா என்று பிரித்து, அடுத்த விலையைக் கேட்கிறார் ஒரு மீன்காரம்மா. இரண்டு குரல்களைக் கலந்து ஒலிக்கவிட்டபோது, பொட்டு மடிப்பின் மின் பதிவில் கவனித்த குரல் மட்டுமே மேலோங்கித் தெரிந்ததாக மெஸ்கரானியும் சாங்கும் 2012ல் எழுதினார்கள். மூளை தேர்ந்தெடுக்கிறது. ஆனால் தேர்ந்தெடுக்க, காதிலிருந்து வரும் செய்தி துல்லியமாக, நேரம் பிசகாமல் வர வேண்டும். 2009ல் ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் சுண்டெலிகளை இரண்டு மணி நேரம் பேரிரைச்சலில் வைத்துப் பார்த்தார்கள். சில வாரங்களில் அவற்றின் கேட்புத்திறன், சுருதிச் சோதனையின்படி, பழைய நிலைக்குத் திரும்பியது. உள்ளே பார்த்தபோது மயிரணுவுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில், பாதிக்கப்பட்ட பகுதியில், பாதி வரை அழிந்திருந்தன. மனிதர்களில் இது எந்த அளவுக்கு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். "ஷிஃப்ட் முடிஞ்சா காது கொய்யுங்கும், காலையில சரியாய்டும்" என்று இங்கே பல வீடுகளில் சொல்கிறார்களே, அந்தச் 'சரியாகிவிட்டது' என்ற சொல்லை நான் இப்போது நம்புவதில்லை.

நம் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபலை வரம்பாக வைத்திருக்கின்றன. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, சட்டத்தின் அறிவிக்கவேண்டிய நோய்ப் பட்டியலிலும் தொழில்நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, இரண்டு காதிலும் 'பேச்சு அலைவெண்களில்' 60 டெசிபல் இழப்பு தொடங்கித்தான் ஒருவரைக் காது மந்தமானவர் என்று ஏற்கிறது. பேச்சு அலைவெண் என்று சட்டம் சொல்கிறது, அளப்பது ஒற்றைச் சுருதியால். சில அலைவெண்களில் எடுத்த அளவுகளைச் சராசரி போடும்போது 4000 ஹெர்ட்ஸ் பள்ளம் கரைந்துபோகிறது. முப்பது வருடம் உழைத்தவரிடம் தாள் "உனக்கு இழப்பில்லை" என்கிறது. இதை என்னால் அமைதியாகச் சொல்ல முடியவில்லை.

மாற்று வழி புதிதல்ல. சொற்களைக் கேட்கவைத்துத் திருப்பிச் சொல்லச் சொல்லும் சோதனை இருக்கிறது. மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனத்தில் தமிழுக்கான சொற்பட்டியல்களை 1970களிலேயே உருவாக்கினார்கள். அமைதியான அறையில் மட்டும் போதாது, பின்னணியில் இரைச்சலை வைத்தும் கேட்க வேண்டும். ஆலை மருத்துவ முகாம்களில் 'பீப்' சோதனையோடு கையை உதறிக்கொள்வது நின்றாக வேண்டும்.

சொற்சோதனை வைக்கும்போது வடசென்னைக்காரர்கள் விஷயத்தில் கவனமும் வேண்டும். 'பழம்' என்று கேட்கவைத்து, அவர் 'பயம்' என்று திருப்பிச் சொன்னால் தப்பென்று குறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் ழகரம் யகரமாக ஒலிப்பது பேச்சின் இயல்பு; காதின் பழுதல்ல. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீகாந்த் நாராயணன் அமெரிக்காவில் இருந்து கூட்டாளிகளோடு 1999ல் வெளியிட்ட ஆய்வு, தமிழ் பேசும் நாவின் வடிவத்தை எம்.ஆர்.ஐ. படமாக எடுத்து ல, ள, ழ, ர, ற ஒவ்வொன்றுக்கும் நாக்கு எப்படி வளைகிறது என்று காட்டியது. ழகரத்துக்கு நாக்கு பின்னிழுபடும் அந்த நுட்பமான அசைவை இவர்கள் தினப்பேச்சில் செய்வதில்லை. செய்தியிலும் சினிமாவிலும் கேட்டால் துல்லியமாகப் புரிந்துகொள்கிறார்கள். சொல்லும் விதத்தை வைத்துக் கேட்கும் விதத்தைத் தீர்ப்பது அநியாயம். படத்தைக் காட்டி "எது?" என்று விரலால் தொடச் சொன்னால் போதும். கொய்யாப்பழத்தைத் தொட்டாரென்றால் காது வேலை செய்கிறது.

வீட்டிலிருப்பவர்களுக்குச் சில வார்த்தை. முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், முகம் திரும்பும் வரை பொறுங்கள், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று பேசுங்கள். உதட்டைப் பார்ப்பதிலிருந்து மூளை நிறைய எடுத்துக்கொள்ளும். மிக்ஸியையும் டிவியையும் நிறுத்துங்கள். ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் அதையே உரக்கச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள். ஒரு சொல்லின் மெய்யொலி தப்பியிருந்தால் இன்னொரு சொல் கைகொடுக்கும். செவிக்கருவி வாங்கினால் இரண்டு நாள் மாட்டிவிட்டுப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். பல ஆண்டுகள் மெய்யொலியைக் கேட்காத மூளைக்கு அவை முதலில் வெறும் சத்தமாகத்தான் விழும், பழக வாரக்கணக்கில் ஆகும்.

வேலையில் இருப்பவர்கள், கம்பெனியிலோ ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ செவிச்சோதனைக்குக் கூப்பிட்டால், பட்டன் அழுத்தி முடித்ததும் எழுந்து வந்துவிடாமல் "சொல்லை வெச்சு டெஸ்ட் பண்ணலியா, மேடம்?" என்று கேளுங்கள். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். முடிவைத் தாளில் எழுதி வாங்கி, தேதியோடு பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிடுவதற்கும், பின்னால் இழப்பீடு கேட்பதற்கும் அந்தத் தாள் வேண்டும். இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். கடைசி வரிசையில் இருப்பவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், இந்த ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுப் பேசலாம்.